ஒரே கொட்டை, பல கோப்பை

உங்கள் முன்னால் இரண்டு கோப்பைகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று, இத்தாலி நாட்டுக் காப்பிக் கடையில் தரும் சிறு கோப்பை. உள்ளே இருப்பது 30 மில்லிலிட்டர்தான். இரண்டு மிடறில் தீர்ந்துவிடும். கன்னங்கரேலென்று, கெட்டியாக, நாக்கைக் கவ்வும் கசப்போடு இருக்கும். மற்றொன்று, அமெரிக்க வீடுகளில் காலையில் குடிக்கும் பெரிய குவளை. ஏறத்தாழக் கால் லிட்டர் பிடிக்கும், நிறம் வெளிறியது, கசப்பும் குறைவு. இவ்விரண்டில் எதைக் குடித்தால் இரவில் தூக்கம் அதிகம் கெடும்?

“இதில் என்ன சந்தேகம், அந்தக் கறுப்புக் கோப்பைதான்!” என்பீர்கள். விடை அதுவன்று, வெளிறிய குவளைதான். ஏன் என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

காப்பி குடிக்காத நாடு இன்று உலகில் இல்லை எனலாம். கொட்டை ஒன்றுதான். ஆனால் எத்தியோப்பியாவில் அது மண் குடத்தில் கொதிக்கிறது; துருக்கியில் மாவாக அரைபடுகிறது; ஜெர்மனியில் தாளில் வடிகிறது; இத்தாலியில் இயந்திரத்தில் பிழியப்படுகிறது; நம் வீட்டில் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. இவை வெறும் பழக்க வேறுபாடுகள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், தூளும் நீரும் எப்படிச் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தே எந்தப் பொருள் கோப்பையில் இறங்குகிறது, எது சக்கையோடு தங்கிவிடுகிறது என்பது அமைகிறது. நாவுக்குத் தெரியாத சில பொருள்கள் நம் இரத்தத்துக்குத் தெரிகின்றன. அவற்றைப் பற்றி அறிந்துகொள்வது காப்பி குடிக்கும் ஒவ்வொருவருக்கும் பயன்தரும்.

கொட்டைக்குள் என்ன இருக்கிறது?

கடைகளுக்கு வரும் காப்பி பெரும்பாலும் இரண்டு இனங்களைச் சேர்ந்தது. ஒன்று அராபிகா. பெயர் அரபு நாட்டைக் குறித்தாலும், இதன் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளே. மற்றொன்று ரோபஸ்டா, மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காடுகளில் தோன்றியது. மணத்தில் அராபிகா உயர்ந்தது. ஆனால் காஃபீன் என்னும் ஊக்கப்பொருள் ரோபஸ்டாவில்தான் அதிகம். அராபிகாவில் எடையில் ஏறத்தாழ 1.2 விழுக்காடு காஃபீன் என்றால், ரோபஸ்டாவில் அது 2 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

காஃபீனைக் கொட்டையிலிருந்து தனியே பிரித்தெடுத்தவர் ருங்கே என்னும் ஜெர்மன் வேதியியலார். ஆண்டு 1819. அவருக்குக் காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயத் தூண்டியவர் கவிஞர் கேதே என்பது சுவையான செய்தி.

பச்சைக் கொட்டைக்கு நாம் அறிந்த காப்பி மணம் கிடையாது. புல்லின் வாசனைதான் இருக்கும். 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுக்கும்போது அதிலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. தோசைக்கல்லில் தோசை சிவந்து மணப்பதும் இதே வகை வினைதான். வறுபடும்போது கொட்டை தன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை இழக்கிறது. ஆனால் காஃபீன் அதிகம் அழிவதில்லை. எனவே, கறுக்க வறுத்த கொட்டையில் ஊக்கம் மிகுதி என்று எண்ணுவது தவறு, மிகுதியாவது கசப்பே.

வறுத்த தூள் 100 கிராம் எடுத்தால், அதில் நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 கிராம்தான். மீதி மரநார் போன்ற சக்கை. அந்த 30 கிராமையும் முழுதாக இழுத்துவிட்டால் காப்பி வாயில் வைக்க முடியாது. 18 முதல் 22 கிராம் வரை இறங்கினால் சுவை நன்றாக இருக்கும் என்பது நெடுநாள் சோதனைகளின் முடிவு. முதலில் இறங்குவன புளிப்பும் மணமும், அடுத்து இனிமை, கடைசியில் கசப்பு. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதே காப்பி போடும் கலையின் இரகசியம்.

இதைக் கட்டுப்படுத்த மனிதனிடம் நான்கு வழிகள் உள்ளன: தூளின் பருமன், நீரின் சூடு, ஊறும் நேரம், நீரின் அழுத்தம். ஒவ்வொரு நாட்டின் காப்பியும் இந்த நான்கையும் தனக்கே உரிய முறையில் கூட்டியும் குறைத்தும் கண்ட விடை. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, அதுவே வடிகட்டி. கொட்டையில் எண்ணெயும் இருக்கிறது. அது நீரில் கரையாது. நுண்துளிகளாக மிதந்து வரும். அதைக் கோப்பைக்குள் விடுவதா, தடுப்பதா என்பதை முடிவுசெய்வது வடிகட்டியே. இந்த எண்ணெயைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தியோப்பியா: மூன்று சுற்று

காப்பியின் தாயகமான எத்தியோப்பியாவில் காப்பி வைப்பது ஒரு சடங்கு. வீட்டுப் பெண் தரையில் பசும்புல்லைப் பரப்பி, சாம்பிராணி ஏற்றி அமர்கிறாள். பச்சைக் கொட்டையைக் கழுவி, கரியடுப்பின்மேல் தட்டில் இட்டு, வந்தவர்களின் கண்முன்னேயே வறுக்கிறாள். புகை எழும்பும்போது அந்தத் தட்டை ஒவ்வொருவர் அருகிலும் கொண்டு சென்று மணம் காட்டுவது மரபு. பின்னர் உரலில் இடித்து, ‘ஜெபனா’ என்னும் நீள்கழுத்து மண் குடத்தில் இட்டுக் காய்ச்சி, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் ஊற்றித் தருகிறாள்.

ஒரு கிண்ணத்தோடு எழுந்து போவது மரியாதையன்று. முதல் சுற்று ‘அபோல்’, அதே தூளில் மீண்டும் நீர் வார்த்து எடுப்பது ‘தோனா’, மூன்றாவது ‘பரக்கா’. பரக்கா என்றால் அருள், ஆசி என்று பொருள். மூன்று சுற்றும் முடியும்வரை அக்கம்பக்கத்துச் செய்திகள், சண்டைகள், சமாதானங்கள் எல்லாம் பேசித் தீர்க்கப்படும்.

இதில் ஓர் அறிவியல் நுட்பமும் உண்டு. காஃபீன் சூடான நீரில் விரைந்து கரையும் பொருள். ஆகவே, பெரும்பகுதி முதல் சுற்றிலேயே இறங்கிவிடுகிறது. மூன்றாவது கிண்ணத்தில் ஊக்கம் மிகக் குறைவு, உறவுதான் மிகுதி! நம் வீடுகளில் இரண்டாம் டிகாக்ஷன் வெளிறிக் கசந்திருப்பதற்கும் இதுவே காரணம். மணமும் காஃபீனும் முதல் டிகாக்ஷனோடு போய்விட, கடைசியில் கரையும் கசப்பே எஞ்சுகிறது.

துருக்கி: வடிகட்டாத காப்பி

எத்தியோப்பியாவிலிருந்து செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டுக்கு வந்த காப்பியை, 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சூஃபித் துறவியர் இரவு வழிபாட்டில் கண் விழித்திருப்பதற்காகக் குடித்தனர். அங்கிருந்து அது 16ஆம் நூற்றாண்டில் துருக்கியப் பேரரசு முழுவதும் பரவியது. 1550களில் இஸ்தான்புல் நகரில் காப்பிக் கடைகள் தோன்றின. அவற்றைத் திறந்தவர்கள் சிரியாவிலிருந்து வந்த இரு வணிகர்கள்.

மதுக்கடைக்குப் போக விரும்பாதவர்களும் கூடிப் பேச ஓர் இடம் கிடைத்தது. சதுரங்கம் ஆடினர், கதை கேட்டனர், அரசாங்கத்தைப் பற்றியும் பேசினர். இந்தக் கடைசிப் பழக்கம் ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1633இல் சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடச் செய்தார். இலண்டனில் முதல் காப்பிக் கடை 1652இல் திறந்தது. அங்கும் 1675 டிசம்பரில் மன்னர் இரண்டாம் சார்லஸ் காப்பிக் கடைகளை ஒழிக்க ஆணை பிறப்பித்தார். மக்கள் எதிர்ப்பால் அடுத்த மாதமே ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அத்தகைய இலண்டன் காப்பிக் கடை ஒன்றில் கூடிய கப்பல் வணிகர்களிடமிருந்து வளர்ந்ததே ‘லாயிட்ஸ்’ என்னும் புகழ்பெற்ற காப்பீட்டு நிறுவனம்.

துருக்கியர் கொட்டையைக் கோதுமை மாவைப்போல் நைசாக அரைக்கின்றனர். நீள்பிடி கொண்ட சிறு செம்புப் பாத்திரத்தில் தூள், நீர், சர்க்கரை மூன்றையும் சேர்த்து மெல்லிய தீயில் வைக்கின்றனர். நுரை பொங்கி எழும்போது, தளதளவென்று கொதிக்கவிடாமல், கோப்பையில் ஊற்றிவிடுகின்றனர். வடிகட்டுவது இல்லை. தூள் அடியில் படியும்வரை காத்திருந்து மேலாகக் குடிக்க வேண்டும். எஞ்சிய மண்டியைக் கவிழ்த்து, அதன் கோலத்தைப் பார்த்துக் குறி சொல்வதும் உண்டு. பெண் பார்க்க வருபவர்களுக்குப் பெண்ணே காப்பி போட்டுத் தருவது துருக்கியிலும் வழக்கம். ஆனால் மாப்பிள்ளையின் கோப்பையில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு, அவர் முகம் சுளிக்காமல் குடிக்கிறாரா என்று சோதிப்பார்கள்! துருக்கிக் காப்பியையும் அதன் மரபையும் யுனெஸ்கோ நிறுவனம் 2013இல் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தோனேசியாவிலும் கண்ணாடிக் குவளையில் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, வடிகட்டாமலே குடிக்கிறார்கள். இத்தகைய காப்பியில் எண்ணெய்த் துளிகளைத் தடுப்பது எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வடகோடியில் எழுந்த ஒரு கேள்வி

உலகில் ஆளுக்கு மிகுதியாகக் காப்பி குடிப்பவர்கள் வட ஐரோப்பியர்கள். பின்லாந்தில் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கிலோவோ அதற்கு மேலோ கொட்டையைச் செலவிடுகிறார். அங்குத் தொழிலாளர் ஒப்பந்தங்களிலேயே காப்பி இடைவேளை எழுதப்பட்டிருக்கிறது. ஸ்வீடனில் வேலையை நிறுத்திவிட்டுக் காப்பியும் பண்டமுமாகக் கூடி உட்காருவதற்கு ‘ஃபீக்கா’ என்று தனிப் பெயரே உண்டு. நீண்ட குளிர்காலத்து இருளில் சூடான கோப்பையும் சுற்றி மனிதர்களும் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நார்வேயிலும் அதன் அண்டை நாடுகளிலும் பழைய முறை, கெட்டிலில் கொரகொரப்பான தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து, மண்டி படிந்ததும் ஊற்றிக் குடிப்பது. நார்வேயின் வடகோடி நகரமான துரோம்சோவில் இதயநோய் பற்றிப் பல்லாயிரவரைச் சோதித்த மருத்துவர்கள் 1983இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். மிகுதியாகக் காப்பி குடிப்பவர்களின் இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப்பொருளும் மிகுந்திருந்தது. ஆனால் வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் பலவற்றில் இது தெளிவாகத் தெரியவில்லை. ஒரே காப்பி ஓர் ஊரில் ஒரு விதமாகவும் மற்றோர் ஊரில் வேறு விதமாகவும் எப்படி வேலை செய்யும்?

விடை காப்பி போடும் முறையில் இருந்தது. கொதிக்கவைத்துக் குடித்தவர்களுக்கே கொலஸ்டிரால் ஏறியது; தாளில் வடித்துக் குடித்தவர்களுக்கு ஏறவில்லை. பின்னர் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்தனர். காப்பி எண்ணெயில் உள்ள காஃபெஸ்டால், கஹ்வியால் என்னும் இரு பொருள்களே கொலஸ்டிராலை உயர்த்துகின்றன என்று 1990களின் முற்பகுதியில் உறுதியாயிற்று. எண்ணெய்த் துளிகள் தாளில் சிக்கிக்கொள்கின்றன. ஆகவே தாளில் வடித்த காப்பியில் இப்பொருள்கள் மிகச் சொற்பம்.

அந்த வடிதாள் வந்த கதையைக் கேளுங்கள். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ஸ் என்னும் இல்லத்தரசி வாழ்ந்தார். காப்பியில் மிதக்கும் மண்டியும் அதன் கசப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகளிட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளைக் கிழித்து உள்ளே விரித்து, தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினார். தெளிந்த காப்பி இறங்கியது. 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாவின் சுவைக்காக அவர் போட்ட தாள் இதயத்துக்கும் காவல் என்பது ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்தே உலகத்துக்குத் தெரிந்தது!

நார்வேயில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. தாளில் வடித்த காப்பியை அளவோடு குடித்தவர்களிடையே இறப்பு விகிதம், காப்பியே குடிக்காதவர்களைவிடவும் குறைவாக இருந்தது. இவ்வகை ஆய்வு தொடர்பைத்தான் காட்டும். காப்பிதான் ஆயுளை நீட்டியது என்று அதைக்கொண்டு முடிவுகட்டக்கூடாது. ஆயினும் வடிகட்டும் முறை முக்கியமானது என்பதை அது மீண்டும் உணர்த்தியது. 2025இல் ஸ்வீடனில் 14 அலுவலகக் காப்பி இயந்திரங்களைச் சோதித்தபோது, உலோக வலை மட்டுமே உள்ள இயந்திரங்களின் காப்பியில், வடிதாள் காப்பியைவிட இப்பொருள்கள் மிகுந்திருக்கக் கண்டனர்.

இத்தாலி: நின்றபடி ஒரு மிடறு

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். இத்தாலியில் காப்பிக் கடை என்பது பெரும்பாலும் ஒரு நீண்ட மேடை. வருபவர் மேடையருகில் நின்றபடி கோப்பையை வாங்கி, இரண்டு மிடறில் குடித்து, ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறார். உட்கார்ந்து குடித்தால் பல கடைகளில் விலை கூடுதல். பால் நுரை சேர்த்த ‘கப்புச்சினோ’ காலை வேளைக்கு உரியது. மதிய உணவுக்குப் பின் அதைக் கேட்பவர் வெளியூரார் என்று தெரிந்துகொள்வார்கள்.

வரிசையில் நிற்பவருக்கு விரைவாகக் காப்பி தருவது எப்படி? 1884இல் தூரின் நகரத்து மோரியோந்தோ என்பவர் நீராவியின் அழுத்தத்தால் காப்பி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்துப் பெட்செரா கோப்பை கோப்பையாக இறக்கும் முறையைக் கண்டார். ஆனால் நீராவியின் சூட்டில் காப்பி தீய்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காஜ்ஜா என்பவர், நீராவிக்குப் பதிலாக வில்சுருளும் உந்துதண்டும் கொண்டு நீரை அழுத்தும் இயந்திரத்தைப் புகுத்தினார். காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில், கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில், நைசான தூளின் ஊடே நீர் பாய்ந்தது. 25, 30 நொடியில் காப்பி தயார். மேலே பொன்னிற நுரை படர்ந்தது. இதுவே ‘எஸ்பிரெசோ’. வீடுகளிலோ, 1933இல் பியலெத்தி அறிமுகப்படுத்திய அலுமினியக் ‘மோக்கா’ பாத்திரம் அடுப்பில் ஏறியது.

எஸ்பிரெசோ கெட்டியானது, ஆனால் அளவு சிறியது. நேரமும் குறைவு; செலவாகும் தூளும் 7 கிராம் அளவே. ஆகவே, அந்தச் சிறு கோப்பையில் உள்ள காஃபீன் ஏறத்தாழ 60 முதல் 70 மில்லிகிராம். அமெரிக்கப் பெரிய குவளைக்குத் தூளும் அதிகம், நீர் ஊடுருவும் நேரமும் அதிகம். அதில் 90 முதல் 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கும். கசப்பை வைத்துக் காஃபீனை மதிப்பிட முடியாது என்பது இப்போது விளங்கும்.

சொட்டுச் சொட்டாக

அழுத்தமும் இல்லாமல், கொதிக்கவும் வைக்காமல், பூமியின் ஈர்ப்பு விசையை மட்டும் நம்பும் முறை ஒன்று உண்டு. வியட்நாமில் கண்ணாடிக் குவளையின்மேல் ‘ஃபின்’ என்னும் சிறிய உலோக வடிகட்டியை வைத்து, அடியில் கெட்டிப் பாலை ஊற்றி, சொட்டும் காப்பியைப் பார்த்தபடி தெருவோரச் சிறு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கு விளைவது பெரும்பாலும் ரோபஸ்டா. அதன் கசப்பைக் கெட்டிப் பாலின் இனிப்பு சமன் செய்கிறது. சிங்கப்பூர், மலேசியக் காப்பிக் கடைகளில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து வறுத்த கொட்டையின் தூளை நீண்ட துணிப் பையில் இட்டு வடிக்கின்றனர். தாளைப்போலவே துணியும் எண்ணெயின் பெரும்பகுதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

நம் வீட்டுப் பித்தளை அல்லது எவர்சில்வர் ஃபில்டர் இந்தச் சொட்டும் குடும்பத்தைச் சேர்ந்ததே. மேல் பாத்திரத்தில் தூளை அமுக்கி, கொதிநீர் ஊற்றி மூடினால், நீர் நிதானமாக ஊறி இறங்குகிறது. நேரம் மிகுதி, சூடு போகப்போகக் குறைவு; ஆகவே கெட்டியான, மணமான டிகாக்ஷன் கிடைக்கிறது. அதில் பால் சேர்க்கும்போது பாலின் புரதம் காப்பியின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால் சுவை மென்மையாகிறது.

சிக்கரி என்பது ஒரு செடியின் வறுத்த வேர். ஐரோப்பாவில் நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் காப்பி அரிதானபோது அதற்கு ஈடாகப் பெரிதும் பரவியது. அது நிறமும் கெட்டித்தன்மையும் தரும். காஃபீன் அதில் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும். வெறும் காப்பித் தூள் என்று வாங்கினீர்களா? ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை எடுத்து, மேலே சிறிது தூளைத் தூவிப் பாருங்கள். காப்பித் தூள் மிதக்கும். சிக்கரி சில நொடியில் பழுப்புக் கோடு இழுத்தபடி அடியில் இறங்கிவிடும்.

டவராவில் ஆற்றிக் குடிப்பதிலும் பொருள் உண்டு. உயரத் தூக்கி ஊற்றும்போது காப்பி காற்றில் விரிந்து, ஆவியாதல் மிகுந்து, சூடு விரைவில் இறங்குகிறது. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தையும் வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இடம் தரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் எச்சரித்தது. குற்றம் காப்பியுடையதன்று, கொதிசூட்டுடையது. ஆற்றிக் குடிப்பவருக்கு அந்தக் கவலை குறைவு.

எவ்வளவு? எப்போது?

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வந்து களைப்பை உணர்த்துகிறது. காஃபீன் அதற்குரிய இடங்களைப் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தியை மறைக்கிறது. களைப்பு போய்விடுவதில்லை; அதன் குரல்தான் கேட்பதில்லை. குடித்த காஃபீனில் பாதியை உடல் அகற்றச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காப்பியின் பாதி ஊக்கம் இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கிறது என்று பொருள்.

நலமுள்ள பெரியவர் ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை காஃபீன் கொள்வதால் தீங்கில்லை என்றும், கருவுற்ற பெண்கள் 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. கருவுற்ற காலத்தில் உடல் காஃபீனை அகற்ற மிக அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. சிசுவாலோ அதை அகற்றவே இயலாது. தேநீரிலும் கோலா பானங்களிலும் உள்ள காஃபீனையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டுக்கு இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. காப்பியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. 1983இல் வெளியான ஒரு சோதனையில், உணவோடு ஒரு கோப்பைக் காப்பி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 விழுக்காடு குறைந்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் இதே குறைவு. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோதோ குறைவே இல்லை!

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். கீரையும் பருப்பும் சமைத்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் தான் உண்டு, உடனே ஒரு டம்ளர் காப்பியும் குடிக்கும் தாய், தன் தட்டிலிருந்த சிறிதளவு இரும்பிலும் ஒரு பங்கை அறியாமலே இழக்கிறார். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைக் காப்பியோடு விழுங்குவதும் அப்படியே. எழுந்ததும் காப்பி, பின்னர் ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றுண்டி என்ற பழைய வழக்கமே இதற்கு நல்ல மருந்து. சிற்றுண்டியின் முடிவில் வரும் இரண்டாவது டம்ளரைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

காப்பியை விட்டுவிடச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஐந்து நூற்றாண்டுகளாக மக்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசச் செய்த பானம் அது. நம் நாட்டிலும் 1957இல் பெங்களூரில் தொடங்கித் தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்திவரும் இந்தியா காப்பி ஹவுஸ்களின் மேசைகளில் எத்தனையோ பேச்சுகள் பிறந்திருக்கின்றன. ஆனால் அறிந்து குடிப்போம்.

இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தவரா? வடிகட்டாமல் காய்ச்சிய காப்பியைத் தவிருங்கள். நம் ஃபில்டரின் உலோகத் துளைகள் தாளுக்கு ஈடாகமாட்டா. நாளைக்குப் பல தடவை குடிப்பவரானால் டிகாக்ஷனை ஒரு தடித்த தூய துணியிலோ வடிதாளிலோ மறுபடி வடித்துக்கொள்ளலாம். உடனடிக் காப்பித் தூளிலும் அந்த எண்ணெய் மிகக் குறைவே. தூக்கம் வராதவரா? பிற்பகலோடு காப்பியை நிறுத்திப் பாருங்கள். வீட்டில் கருவுற்றவரோ இரத்தசோகை உள்ளவரோ இருக்கிறாரா? அவருடைய டம்ளர் எந்த நேரத்தில் நிரம்புகிறது என்று கவனியுங்கள்.

நாளைக் காலையில் டிகாக்ஷன் சொட்டும்போது சற்று நின்று பாருங்கள். அந்தச் சிறு பாத்திரத்துக்குள் சூடும் நேரமும் துளையும் சேர்ந்து, எதை அனுப்புவது, எதை நிறுத்துவது என்று முடிவுசெய்துகொண்டிருக்கின்றன. அதைக் குடிக்கும் நேரத்தை முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள்.